நிழல் பக்கத்துப் பழங்கள்

சோன்-கெமின் மேய்ச்சல் மலை,
ஜூன் 12, 2021

அன்புள்ள கனிஷாய்க்கு,

உம்சுனாய் எழுதுகிறேன். நாங்களும் குதிரைகளும் சுகம். பிஷ்கெக் நகரத்து வெயில் உன்னையும் மகனையும் மருமகளையும் வாட்டாமல் இருக்கட்டும்.

கூடாரம் போட்டுப் பதினோரு நாள் ஆகிறது. பனி தாமதமாக உருகியதில் புல் இந்த வருஷம் முழங்காலைத் தாண்டி நிற்கிறது. குட்டி போட்ட குதிரைகள் எட்டு. விடிந்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் கறக்கிறேன். புல்லின் வாசனை பாலிலேயே ஏறியிருக்கிறது. நேற்று ஓடைக்கு மேலே பாறை இடுக்கில் காட்டு வெங்காயம் கொத்துக் கொத்தாக நின்றது. என் வீட்டுக்காரர் தொக்தோபெக் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டு, கண்ணில் நீர் வழிய, "இத மட்டும் கனிஷாய் கையில குடுத்தா என்னென்ன பண்ணுவா தெரியுமா!" என்றார்.

அதனால்தான் பால் வண்டி ஜொல்தோஷிடம் இந்தக் கூடை. வெங்காயம், தோலுரித்துத் தின்கிற புளிப்புத் தண்டு, ஒரு ஜாடி பாலாடை. போன வாரக் கூடைக்கு நீ ஒரு வரிகூட எழுதவில்லை. இருநூறு பேருக்குக் கல்யாண விருந்து சமைக்கிறவளுக்கு எனக்கு நாலு வரி எழுத நேரமில்லையா? இங்கே போன் எடுக்காது என்பது தெரியும்தானே. பதிலை ஜொல்தோஷிடமே கொடு.

உன்
உம்சுனாய்


பிஷ்கெக்,
ஜூன் 20

அன்புள்ள உம்சுனாய்,

கூடை வந்தது. அந்த வெங்காயத் தாளின் பச்சையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாலாடையில் விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்கிறது. சாப்பிட்டது என் மருமகள் சல்தனாத். இனிமேல் அனுப்பாதே. எனக்கு அனுப்புவது வீண்.

சொல்லிவிடுகிறேன். போன நவம்பரில் எனக்கு அந்தக் காய்ச்சல் வந்ததல்லவா, அது போகும்போது நாக்கையும் மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. உப்பும் சர்க்கரையும் எனக்கு ஒன்றுதான். ஏழு மாதமாக யாருக்கும் தெரியாமல் சல்தனாத்தான் ருசி பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு கல்யாணம். அன்று அவளுக்கு உடம்பு சரியில்லை. வேறு யாரையாவது ருசி பார்க்கச் சொல்லியிருக்கலாம். கௌரவம் விடவில்லை. ஆட்டுச் சாற்றில் உப்பு போட்டேனா இல்லையா என்று குழம்பி, மூன்று தரம் போட்டிருக்கிறேன்.

மாப்பிள்ளையின் மாமா எழுந்து நின்று சத்தமாகக் கேட்டார்: "ஏம்மா, இந்த ஆடு இசிக்-குல் உப்பு ஏரியில முங்கியா செத்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சமையல் அங்கியை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். முப்பத்தொரு வருஷம் போதும்.

கனிஷாய்


சோன்-கெமின்,
ஜூலை 3

அடியே கனிஷாய்,

ஏழு மாதம்! ஒரே பாயில் படுத்து வளர்ந்தவளிடம் சொல்ல ஏழு மாதம் ஆகுமா உனக்கு? கடிதத்தைப் படித்துவிட்டுக் கறவைப் பாத்திரத்தைக் காலால் தட்டிவிட்டேன். அந்தப் பாலுக்கும் நீதான் பொறுப்பு.

நான் வைத்தியக்காரி இல்லை. உனக்குக் குணமாகும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாலாவது மாடியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்குப் பதில், இங்கே வந்து மலையைப் பார். காலையில் மேகம் நமக்குக் கீழே கிடக்கிறது. சரிவு முழுக்க மஞ்சள் பூ. தேனீக்காரர்கள் எதிர்க்கரையில் பெட்டி வைத்திருக்கிறார்கள், பகல் முழுக்க மலையே முனகுவதுபோல் சத்தம். ஓடைக்கரையில் ராஸ்பெர்ரி பூ உதிர்ந்து காய் பிடித்துவிட்டது.

ஜொல்தோஷிடம் சொல்லிவிட்டேன், உன்னை ஏற்றிக்கொண்டு வராவிட்டால் இனிப் பால் கிடையாது என்று. "அக்கா, ரெண்டு பேரும் சேர்ந்து என் பொழப்புல மண்ண அள்ளிப் போடாதீங்க" என்று புலம்புகிறான். அவனுக்காகவாவது வா. கம்பளி உடுப்பு எடுத்துக்கொள்.

உம்சுனாய்


பிஷ்கெக்,
ஜூலை 29

என் உம்சுனாய்க்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஜொல்தோஷ் வழியெல்லாம் பாடினான், பால் திரியாதது ஆச்சரியம்.

ஆறு நாளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். வெயில் முதலில் பனிச்சிகரத்தின் நுனியைத் தொட்டு, பிறகு ஊசியிலைக் காட்டில் இறங்கி, கடைசியாக நம் கூடார வாசலுக்கு வந்து சேரும் அழகு. கட்டிப்போட்ட குட்டிகள் தாயைக் கண்டதும் போடும் கூப்பாடு. இரும்புச் சட்டியிலிருந்து எடுத்த ரொட்டி உன் கையில் படபடவென்று வெடித்த சத்தம். புளிக்கவைத்த குதிரைப்பால் மூக்கில் ஏறிக் குறுகுறுத்தது. காட்டு வெங்காயத்தைக் கடித்ததும் வாய் எரிந்து கண்ணீர் வந்தது. அது ருசி இல்லை, வெறும் எரிச்சல்தான். ஆனாலும் எட்டு மாதத்தில் என் வாய்க்குள் நடந்த முதல் சங்கதி. கடமைக்காக இல்லாமல் பசித்துச் சாப்பிட்டேன். நாலு ரொட்டி! தொக்தோபெக் எண்ணிக்கொண்டிருந்தார்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நாலாம் நாள் ஓடைக்கரையில் நீ கை நிறைய ராஸ்பெர்ரி பறித்து என் வாயில் திணித்தாய். "எப்படிடி இருக்கு?" என்று நீ கேட்டபோது உன் முகம் இருந்த இருப்பில் என்னால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. "தேன்டி, தேன்!" என்றேன். பொய். குளிர்ச்சியாக இருந்தது, விதை பல்லில் நொறுங்கியது, அவ்வளவுதான். நீ ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னாய். பக்கத்துக் கூடாரத்தாரைக் கூப்பிட்டு ஆடு வெட்டினீர்கள். ஒவ்வொருவரும் என் கையைப் பிடித்து வாழ்த்தினார்கள். என் பங்குக் கறியைப் பக்கத்துக் கூடாரத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

என்னைத் திட்டு. ஆனால் இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு உன்னிடமிருந்து இன்னொரு கூடை வாங்க எனக்கு மனசு வரவில்லை.

கனிஷாய்


சோன்-கெமின்,
ஆகஸ்ட் 7

என் கண்ணே கனிஷாய்,

எனக்கு அன்றைக்கே தெரியும்.

அவசரத்தில் நிழல் பக்கத்துச் செடியில் கைவிட்டிருக்கிறேன். அதெல்லாம் அரைக்காய். நீ "தேன்" என்றதும் ஆசையாக நானும் ஒன்றை வாயில் போட்டேன். பல் கூசி, தாடை பூட்டிக்கொண்டது. ஆடுகூட முகத்தைச் சுளிக்கும். நீ கண்ணைக்கூடச் சுருக்கவில்லையடி.

ஓடி வந்தது சந்தோஷத்தில் இல்லை. உன் எதிரே அழக்கூடாது என்றுதான் ஓடினேன். கூடாரத்தருகே தொக்தோபெக், "என்னாச்சு, ஏன் அழுவுற?" என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்: "கனிஷாய்க்கு ருசி வந்துடுச்சாம்." மனுஷன் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தடுத்திருக்கலாம். ஆனால் நீ அங்கே ஓடைக்கரையில் எங்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டு நின்றாய். எனக்காக இவ்வளவு சிரமப்பட்டுப் பொய் சொல்கிறவளுக்கு ஓர் ஆடு வெட்டினால் என்ன என்று வாயை மூடிக்கொண்டேன். அவரிடம் நேற்றுதான் உண்மையைச் சொன்னேன். "சரி, அவ வந்ததுக்கு வெட்டினதா இருக்கட்டும்" என்றார்.

இன்னொன்று. செப்டம்பர் பதினெட்டாம் தேதி என் மகள் பெர்மெத்தின் கல்யாணம். கீழே கிராமத்தில். நூற்றைம்பது பேர். நீதான் சமைக்கிறாய். மறுபேச்சு வேண்டாம், வேறு யாரிடமும் நான் சமைக்கச் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. சல்தனாத்தும் வரட்டும், ஒளிந்து நின்று அல்ல, உன் பக்கத்தில் நின்று ருசி பார்க்கட்டும். யாராவது கேட்டால், "எனக்கு ருசி தெரியாது, அவளைக் கேளுங்க" என்று நீயே சொல். ஒரு தரம் சொல்லிவிட்டால் அப்புறம் லேசாக இருக்கும். பெட்டிக்கு அடியில் இருக்கிற அங்கியைத் துவைத்துக் காயப்போடு.

அதற்கு முன்னால் ஒரு வாரம் மலைக்கு வந்துவிட்டுப் போ. நிழல் பக்கமும் இப்போது பழுத்துவிட்டது, தொட்டாலே கையோடு வருகிறது. இனிப்பா புளிப்பா என்று நான் சொல்கிறேன். நீ சாப்பிடு.

உன்
உம்சுனாய்