கெட்ட வார்த்தை இல்லாத எண்பது நொடி

செவ்வாய், இரவு

ஐம்பத்திரண்டு வயதில், காசிமேட்டு மீன் கடை ஒன்றில் நின்று "என்னை நல்லாத் திட்டும்மா" என்று கெஞ்சினேன். வேறு வழியில்லை. என் நகைச்சுவை வீடியோக்களில் ஒன்றுக்குக் கெட்ட வார்த்தை என்றும், இன்னொன்றுக்கு அடுத்தவர் ஜோக் என்றும் வீடியோ தளத்துக்காரர்கள் காசு மறுத்துவிட்டார்கள். மூன்றாவதும் விதி மீறினால் வருமானமே நின்றுவிடும். வீடியோ ஒரு நிமிடத்துக்கு மேல் ஓடவும் வேண்டுமாம். திட்டுவதற்குப் பேர்போன, அங்கே மீன் விற்கும் கன்னியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவ்ளோதானா? ஃபோன நேராப் புடி நைனா," என்று ஆரம்பித்தாள். "ஐஸ் வைக்காத சங்கரா மீனாட்டம் மூஞ்சி! உன் தொப்ப டோல்கேட்டாண்ட போய் நின்னுகினு கீது, நீ இன்னும் இங்கயே நிக்கிற! நாலு நெத்திலிக்கு நாப்பது கேள்வி கேக்குறியே, வூட்ல பொண்டாட்டியாண்ட ஒண்ணு கேட்டுப் பாரேன்!"

எண்பது நொடி. ஒரு கெட்ட வார்த்தை இல்லை, சொன்னது திரும்ப வரவில்லை. திட்டிக்கொண்டே ஒரு முழு வஞ்சிரத்தைத் துண்டு போட்டு முடித்திருந்தாள். முப்பது வருடமாக நகைச்சுவை எழுதுகிறவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அங்கேயே கையெடுத்துக் கும்பிட்டேன்.

சாயங்காலம் வீடியோவுக்குக் காசு உண்டு என்று பச்சைக்குறி விழுந்தது. இதுவரை ஒன்பது முறை ஓடியிருக்கிறது. அதில் ஏழு முறை பார்த்தது என் மனைவி.