துணிக்கொடியில் வரும் குரல்

என் செல்ல மகளே,

நீ ரேடியோ வேலைக்குப் போன கோபம் உன் அப்பாவுக்கு இன்னும் தீரவில்லையாம். உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். ஆனால் என் துணிக்கொடியை அவிழ்த்துவிட்டு, அங்கே ஏரியலாகச் செம்புக்கம்பி கட்டி, நுனியை ரேடியோவில் செருகியிருக்கிறார். ஈரத்துணியெல்லாம் இப்போது நாற்காலி முதுகில்தான் காய்கிறது.

பகலில் உன் நிலையம் இங்கே எட்டாது, வெறும் இரைச்சல்தான். பொழுது சாய்ந்தால்தான் தூரத்துக் குரல்கள் வரும் என்று அவருக்கும் தெரியும். இருந்தும் மத்தியானமே ரேடியோ முள்ளை உன் நிலையத்தில் வைத்து, யாரும் தொடாமல் காவல் காக்கிறார். வீம்புக்காரருக்கு வேறென்ன வேலை?

நேற்று செய்தி வாசிக்கையில் நீ இருமினாய். சத்தத்தைக் கூட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"பச்சைத்தண்ணி குடிக்க வேணாம்னு அவளுக்கு எழுது. நான் சொன்னேன்னே எழுது."

எழுதிவிட்டேன்.

உன் அம்மா