நீ பாதியில் விட்ட அப்கிரேடு

என் செல்லத் தம்பி முருகு,

நேற்று வெள்ளிமலை போய்விட்டு வந்தேன். பயப்படாதே, உன் கம்ப்யூட்டர் பெட்டி உயிரோடுதான் இருக்கிறது. நான்தான் பாதி செத்துப் போனேன்.

"யாரும் பூட்ட முடியாத கட்டற்ற மென்பொருள், அக்கா" என்று பெருமையடிப்பாய். மலைமேல் சிக்னல் கிடையாது என்று, பாடம், பழைய கேள்வித்தாள் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றிப் படிப்பகத்தில் வைத்தாய். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பெண்களுக்கு அதுதான் எல்லாம். நல்லதுதான். என்னை மட்டும் அதில் கட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டாயே, இது என்ன நியாயம்?

அன்று அப்கிரேடு போட ஆரம்பித்துவிட்டு, சில கோப்புகள் குறைகின்றன என்று பாதியில் எழுந்தாய். படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் சின்னப்பொண்ணிடம், "மீதிய டவுன்ல எறக்கிக்கினு வரேன், அதுவரைக்கும் இத நிறுத்தாதீங்க" என்றாய். சொன்னபடி இறக்கியும் விட்டாய். திரும்ப மலைக்குப் போவதற்குள் உளுந்தூர்பேட்டையில் அந்த லாரி.

அதிலிருந்து பெட்டியை யாரும் அணைக்கவில்லை. பாதி புதுசு, பாதி பழசு. அணைத்தால் திரும்ப எழுமா என்று எனக்குத் தெரியாது. பாடங்களுக்கு நகல் இருக்கிறது, ஏற்ற வேறு பெட்டி இல்லை. நம் கள்ளக்குறிச்சிக் கடையில் உட்கார்ந்துகொண்டு, மலையில் கரண்ட் போனால் பேட்டரி தாங்குமா என்று தினமும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். உன் மாமா சென்னையில் எங்களுக்கு வீடு பார்த்துவிட்டு, எப்போது வருகிறாய் என்கிறார். என்ன சொல்வது? ஒரு பெட்டி அணையாமல் காவல் இருக்கிறேன் என்றா?

ஆயுத பூஜைக்கு மறுநாள் சின்னப்பொண்ணு சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு நடந்து வந்து போன் செய்தாள். "அக்கா, கோச்சிக்காதீங்க. மில்லு, டிராக்டரு எல்லாத்தயும் நிறுத்தி வெச்சித்தான கும்புடறோம், இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சின்னு நிறுத்திட்டேன். இப்ப போட்டா தெர கறுப்பா நிக்குது."

வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தேன். வழியெல்லாம் உன்னையும் திட்டினேன். பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம். காற்றுத் துளைகளில் பொரி. சின்னப்பொண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தம்பி போனதுலருந்து அது தூங்கவே இல்லயேக்கா" என்றாள். அதற்குமேல் என்னால் கோபப்பட முடியவில்லை.

பழைய பதிப்பை நீ அழிக்காமல் வைத்திருந்தாய். மெனுவில் அதைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டி எழுந்துவிட்டது! பெண்கள் கைதட்டினார்கள். அப்கிரேடு பாதியில் நிற்கிறது என்று திரையில் ஒரு வரி வந்தது. நீ இறக்கிய மீதி இருக்கும் பென்டிரைவ், அன்று உன் பையிலிருந்து நான் எடுத்து வைத்தது, எப்போதும்போல என் கைப்பையில்தான் இருந்தது. செருகவில்லை. தேர்வு நெருங்குகிறது, இப்போது வேண்டாம் என்று அவர்களிடம் சொன்னேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன்: அதையும் முடித்துவிட்டால், நீ வந்து முடிக்க வேண்டியது என்று எதுவும் மிச்சமிருக்காது.

"இனிமே நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். சின்னப்பொண்ணு பயந்துபோய்த் தலையாட்டினாள். பஸ்ஸில்தான் உறைத்தது, நீ சொன்ன அதே வார்த்தை. இப்போது அவளையும் கட்டிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

தேர்வு முடிந்த மறுநாள் மலையேறுவேன். சின்னப்பொண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, மீதியை ஏற்றிவிட்டு, என் கையாலேயே பெட்டியை அணைப்பேன். அது எழுந்தால் உன் வேலை முடிந்தது. எழாவிட்டாலும் முடிந்ததுதான், முருகு. நீயும் தூங்கு.

உன்மேல் கோபம் தீராத அக்கா,
கலைச்செல்வி