பாயிண்ட்டில் அப்பிய கிரீஸ்

அன்பு மகள் கத்தியூஸ்காவுக்கு அப்பா எழுதுவது. சியன்ஃபுவேகோஸில் நானும் அம்மாவும் சுகம், மோன்தேவிதேயோ குளிரில் நீயும் சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நீ அனுப்பிய வெள்ளை கிரீஸ் டியூப் வந்து சேர்ந்தது, ரொம்ப நன்றி கண்ணு. மழைக்காலம் வந்தால் நம் ஐம்பத்திரண்டாம் வருஷத்து ஷெவர்லே இருமி இருமி நிற்குமே, பிளக் வயர் முனைகளில் இதைத் தடவியதிலிருந்து ஈரம் உள்ளே போவதில்லை. அதோடு விட்டிருக்கலாம். நீ அனுப்பியது ஆயிற்றே என்ற சந்தோஷத்தில் பிளக்குகளுக்குக் கரண்டு பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, உள்ளே தொட்டுத் தொட்டுப் பிரியும் பாயிண்ட் வரைக்கும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது போலத் தடவிவிட்டேன்.

மறுநாள்தான் அம்மாவின் கண்புரை ஆபரேஷனுக்கு சாந்தா கிளாரா ஆஸ்பத்திரியில் முறை. பத்து மணிக்குள் போகாவிட்டால் முறை அடுத்தவருக்குப் போய்விடும், மறுபடி எத்தனை மாதம் காத்திருக்க வேண்டுமோ தெரியாது. பாதி வழியில், ரான்சுவேலோ தாண்டியதும், வண்டி இரண்டு குலுக்கு குலுக்கிவிட்டு நின்றுவிட்டது. நான் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அம்மா மட்டும், நின்னா நிக்கட்டும், பதறாத என்று சொல்லிவிட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்லவேளையாக நம் டாக்ஸி ஸ்டாண்டு ஓஸ்மானி பின்னால் வந்தான். பயணிகளை வெயிலில் காக்க வைத்துவிட்டு இறங்கி வந்து மூடியைத் திறந்தவன், என்ன ரிகோ அண்ணே, பாயிண்ட்டு வாயில எவன் இத அப்பினது, கரண்டு எப்புடித் தாண்டும் என்று கேட்டான். நான்தான், மகள் அனுப்பியது என்றேன். பொண்ணு அனுப்பிச்சா வண்டியவே குளிப்பாட்டிருவீங்களா என்று சிரித்தான். அவன் பயணிகளும் சிரித்தார்கள். கழுவ ஸ்பிரிட் இல்லை. அம்மா தன் கைப்பையிலிருந்து கொலோன் புட்டியை எடுத்து நீட்டினாள். அதை ஊற்றித் துடைத்து, சிகரெட் அட்டையைக் கிழித்துப் பாயிண்ட் நடுவே இழுத்து எடுத்தான். வெள்ளை கிரீஸ் வயர் முனைக்கு மட்டும்தான், பாயிண்ட்டைத் தள்ளும் தண்டுக்குச் சூட்டில் உருகாத கெட்டி கிரீஸ் ஒரு அரிசி அளவு, பாயிண்ட் வாய் எப்போதும் காய்ந்தே இருக்க வேண்டும் என்றும் சொன்னான். வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. பத்தடிக்கச் சற்று முன்னால் உள்ளே போனோம். ஓஸ்மானியை நினைக்காமல் நான் சாப்பிட உட்காருவதில்லை.

அம்மாவின் கண் கட்டை நேற்று அவிழ்த்தார்கள். அம்மா முதலில் என்னைத்தான் பார்த்தாள். நீ எப்ப ரிகோ இவ்ளோ கெழவனான, ஒரு வார்த்த சொல்லலியே என்றாள். டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் நீ போன கிறிஸ்துமஸுக்கு அனுப்பிய போட்டோவைக் கேட்டு வாங்கி, ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். கன்னம் உப்பி, நன்றாகச் சாப்பிட்டுக் குண்டாக இருக்கிறாள் என்று, அப்போது கண் மங்கியிருந்த அவளிடம் நான் சொல்லி வைத்திருந்த போட்டோ அது. திட்டுவாள் என்று பயந்தேன். போட்டோவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, புள்ள எலும்பா இருக்கா, டிக்கெட் என்ன விலைன்னு கேளு என்றாள்.

கடவுள் உன்னைக் காக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. கிரீஸ் இன்னும் நிறைய இருக்கிறது, இனி அனுப்ப வேண்டாம், நீ வா.

உன் அப்பா,
ரிகோபெர்த்தோ