பாயிஸாவின் முதுகு

மச்சானுக்கு, ஸலாம்.

மாமி போனில் சொன்னது உண்மைதான். பாயிஸாவுக்கு அம்மை கண்டு, கொப்புளங்கள் உடைந்து, முதுகெல்லாம் குழிகுழியாக இருந்தது. மருந்து தடவப் போன நான் தெருவுக்கே ஓடிவிட்டேன்.

"பெத்த புள்ளையத் தொட இன்னா அருவருப்பு?" என்று மாமி கத்தினார்.

கல்வராயன் மலைத் தேனடையைப் பார்த்தாலே எனக்கு உடம்பு நடுங்கும். நீங்கள் சிரிப்பீர்கள். கள்ளக்குறிச்சி டாக்டரம்மா சிரிக்கவில்லை. "குழிங்க கும்பலா இருந்தா சில பேருக்கு இப்படித்தான் பயம் வரும். பாசம் கம்மின்னு அர்த்தமில்லைங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து மறுபடி மருந்தை எடுத்தேன். பாயிஸா குப்புறப் படுத்தாள்.

"கண்ண மூடிக்கம்மா. எங்க எரியுதுன்னு நான் சொல்றேன்."

அவள் சொன்ன இடமெல்லாம் தடவினேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் தாய்