மேசைக்கு அடியில் ஒரு நிபுணர்

மார்ச் 3
சிறுவர்களுக்கு நிலநடுக்கம் பற்றி எட்டுப் பக்கம் எழுதித் தர வேண்டுமாம். ஆய்வு மையத்தில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டியதற்குப் பரிசு. “உங்களை விட்டா யாரு சார்?” என்று மேலதிகாரி ஐஸ் வைத்தார். உச்சி குளிர்ந்துவிட்டது எனக்கு.

மார்ச் 5
மகளிடம் வெள்ளோட்டம். எட்டு வயது. இரண்டு பிஸ்கட்டை உரசிக் காட்டினேன். “பூமியோட மேலோடு இப்படித்தான், துண்டு துண்டா நகரும். ஓரத்துல சிக்கிக்கும். அழுத்தம் தாங்காம ஒருநாள் படக்குனு வழுக்கும்.” பிஸ்கட் உடைந்தது. அசத்திவிட்டோம் என்று நினைத்தேன்.

“அடுத்தது எப்பப்பா?”

“யாருக்கும் தெரியாதும்மா.”

உண்மைதான். அதை இவளிடமா சொல்வது?

மார்ச் 6
தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறாள். கட்டிலில் அம்மாவும் மகளும். நிபுணர் தரையில்.

மார்ச் 9
பள்ளிக்கும் போகவில்லை. வகுப்பு மூன்றாவது மாடியாம். “ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லுங்க, பெத்த பிள்ளைய மட்டும் நடுங்க வைங்க” என்றாள் மனைவி. பயமாக இருக்கிறது. என் பிள்ளையை நானே கெடுத்துவிட்டேனா?

மார்ச் 10
மையத்துக்கு அழைத்துப் போய், அதிர்வுமானிக்குப் பக்கத்தில் குதிக்கச் சொன்னேன். குதித்தது திரையில் கோடாக எழும்பியது. ஐந்து நாளுக்குப் பிறகு சிரித்தாள்!

“முதல்ல வேகமான அலை வந்து லேசாத் தட்டும். பின்னாடி வர்ற அலைதான் போட்டு ஆட்டும். தட்டுனதும் என்ன பண்ணணும்?”

“மேசைக்கு அடியில போகணும்!”

வீட்டில் இருபது தடவை பயிற்சி. என் முட்டி போச்சு.

மார்ச் 14
காலை ஏழு இருபதுக்கு வந்தே விட்டது. சின்னதுதான். மனைவி வேலைக்குக் கிளம்பியிருந்தாள். முதல் தட்டிலேயே மகள் மேசைக்கு அடியில். நான்? புத்தக அலமாரியை ஒட்டி நின்று, கடிகாரத்தைப் பார்த்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு…” இரண்டு அலைக்கும் நடுவே எத்தனை வினாடி என்று தெரிந்தால் தூரத்தைக் கணக்கிடலாமே! தொழில் புத்தி.

“அப்பா! எண்ணாதீங்க! உள்ள வாங்க!”

காலைப் பிடித்து இழுத்தாள். நான் நின்ற இடத்தில் அகராதி விழுந்தது. தடித்த அகராதி.

“இப்ப முடிஞ்சிரும்ப்பா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நிபுணர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

நாலு வினாடி, முப்பது கிலோமீட்டர். மையத்தின் கணக்கும் அதே. இதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னது அடுத்த தப்பு.

மார்ச் 16
நேற்று தன் அறையிலேயே தூங்கினாள். இன்று பள்ளிக்கும் போய்விட்டாள். என் எட்டாம் பக்கத்தின் அடியில் பென்சிலில் ஒரு வரி: “பூமி ஆடினால் எண்ணிக்கொண்டு நிற்கக் கூடாது. எங்க அப்பா நின்னார்.”

அழிக்கவில்லை. அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.