ஐஸில் வைத்தது சாகாது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கொன்றும் குறைவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத்தான் இந்த முறை பயமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்து நான்கு நாளாகிறது. கடையில் மூன்று ஃபிரிட்ஜ்கள் கதவைத் திறந்தபடி நிற்கின்றன. ஒன்றிலும் கை வைக்கவில்லை. எதிர்வீட்டு டீச்சரம்மா வந்து, "என்ன மெக்கானிக்கு, என் ஃபிரிட்ஜுக்கு நல்ல நாள் பாக்குறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

உன் சிறுநீரகத்தில் இரண்டு சென்டிமீட்டர் கட்டி, ஆரம்ப நிலைப் புற்றுநோய், முதுகு வழியாக ஊசி செலுத்தி உறையவைத்தே அழித்துவிடலாம் என்கிறார் உன் டாக்டர். நீயோ, "குளிரைப் பத்தி உங்களுக்குத் தெரியாததாப்பா, நீங்க சரின்னா செஞ்சுக்கறேன்" என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மாவும் இப்படித்தான் என்னைக் கேட்டாள்.

அம்மாவுக்கு இதே நோய் தெரியவந்தபோதே முற்றிவிட்டது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா? அது பொய். வேறு வலிக்கு எடுத்த ஸ்கேனில் தெரிந்தது. உன் கட்டியின் அளவுதான். அந்த டாக்டரும் இதே ஊசியைச் சொன்னார். இல்லாவிட்டால் சின்னத் துளைகள் போட்டுக் கட்டியை மட்டும் வெட்டியெடுக்கலாம், சிறுநீரகத்தைக் காப்பாற்றிவிடலாம் என்றார். நான் பெரிய மேதாவி மாதிரி, "முப்பது வருஷமா பாக்குறேன், ஐஸ்ல வச்சது எதுவும் சாகாது, கரன்ட் போனா முழிச்சுக்கும்" என்றேன். கத்தியும் வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அப்படியானால் ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் என்று அவர் எழுதித் தந்த சீட்டை, கடை மேசை இழுப்பறையில் ஸ்பேனர்களுக்கு அடியில் போட்டேன். சில வருஷம் கழித்து அவளுக்கு வலி வந்த பிறகுதான் வெளியே எடுத்தேன். அதற்குள் நுரையீரல்வரை போயிருந்தது.

கடைசிவரை அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பாப்பாகிட்ட சொல்லாதீங்க, உங்ககூடப் பேசமாட்டா" என்றாள். அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

நேற்று அந்த டாக்டரிடமே போய்க் கேட்டேன். கடுங்குளிரில் உறைந்து, இளகி, மறுபடி உறையும்போது கட்டியின் செல்கள் உடைந்து செத்துப்போகும் என்று படம் வரைந்து காட்டினார். அன்றைக்கும் வரைந்திருப்பார். நான்தான் காது கொடுக்கவில்லை.

என் சம்மதத்துக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்காதே. டாக்டர் குறித்த தேதியில் போய்ப் படு. பிறகு தரும் ஸ்கேன் சீட்டைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவை. இனி என்னோடு பேசவேண்டாம் என்று தோன்றினால் பேசவேண்டாம். நீ நூறு வயதுவரை இருந்து என்னைத் திட்டிக்கொண்டே இரு, தாயே.

இப்படிக்கு,
உன் அப்பா